8 கிராம் தோரியத்தில் கார் 100 வருஷம் ஓடுமா? மணவாளக்குறிச்சி மண்ணு பத்தி ஒரு சந்தேகம்

குளச்சல் கரை

அண்ணன்மாரே, ஒரு வீடியோ எல்லா குரூப்பிலயும் சுத்திக்கிட்டு கிடக்கு. 8 கிராம் தோரியம் வச்சா ஒரு கார் 100 வருஷம் பெட்ரோலே இல்லாம ஓடுமாம். தோரியத்து மேல லேசர் அடிச்சா சூடு வரும், அதுல ஆவி, ஆவியில கரண்டு. அந்தத் தோரியம் நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடப்புறத்துல சும்மா கிடக்காம், கறுப்பு மண்ணெல்லாம் அதுதானாம். கடைசியில ஒருத்தர் போனை மண்ணுகிட்ட கொண்டு போகாரு, ஆப்பில நம்பர் ஏறுது. பத்தாம் கிளாஸ் பிள்ளைகள் வரைக்கும் நம்புதாவ. இதுல எது உண்மை, எது பொய்யின்னு கணக்கோட சொல்லுங்க.

நாகர்கோவில் பிசிக்ஸ்

தம்பி, இது புதுச் செய்தி இல்லை. 2011-ல் லேசர் பவர் சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் சொன்னதுதான். மணவாளக்குறிச்சியை மட்டும் நம்ம ஊரில் யாரோ சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கார் இன்றுவரை விற்பனைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்குப் பேப்பரும் பேனாவும் போதும்.

முதலில், தோரியம் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூடு தரும்? அதன் அரை ஆயுள், அதாவது இருக்கிற அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், 1,405 கோடி வருஷம். அவ்வளவு மெதுவாகச் சிதைகிற பொருள். 8 கிராமில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 32,000 அணுக்கள் சிதையும். பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் தருவது 4 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்தான் (எலக்ட்ரான் வோல்ட் என்பது அணு அளவில் ஆற்றலை அளக்கும் மிகச் சின்ன அலகு). பெருக்கிப் பார்த்தால் 0.00000002 வாட். ஒரு 9 வாட் எல்இடி பல்பு எரிய இதைப்போல் 43 கோடி மடங்கு வேண்டும். சிதைவுச் சங்கிலியில் பின்னால் வரும் அணுக்களையும் சேர்த்தால் பத்து மடங்கு கூடும், அவ்வளவுதான்.

சரி, லேசர் அடித்தால்? பச்சை லேசரின் ஒரு ஃபோட்டானுக்கு (ஒளித் துகளுக்கு) 2.3 எலக்ட்ரான் வோல்ட். தோரியத்தின் அணுக்கருவை ஒளியால் பிளக்க ஏறத்தாழ 60 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் உள்ள காமாக் கதிர் வேண்டும். வித்தியாசம் 26 லட்சம் மடங்கு. பானட்டுக்குள் அடங்கும் லேசர் தோரியத்தைச் சூடாக்கும். அந்தச் சூடு பேட்டரியிலிருந்து லேசருக்குப் போன கரண்டின் ஒரு பகுதி, புதிதாக எதுவும் வரவில்லை.

இதையெல்லாம் விட்டுவிடலாம். 8 கிராமும் ஓர் அணு மிச்சமில்லாமல் பிளந்துவிட்டது என்றே வையுங்கள். 1 கிராம் முழுவதும் பிளந்தால் கிடைப்பது சுமார் 2,400 லிட்டர் பெட்ரோலுக்குச் சமமான வெப்பம். அந்த நிறுவனம் சொன்னது 28,000 லிட்டர். சரியான கணக்கில் 8 கிராமுக்கு 19,000 லிட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர், வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் என்றால் 19 வருஷத்தில் தீர்ந்துபோகும். 100 வருஷம் என்பது கற்பனை உலகத்திலும் நடக்காது.

தக்கலை ஜங்ஷன்

கணக்கெல்லாம் சரி சார். ஆனா தோரியம் அணு எரிபொருள்னு அரசாங்கமே சொல்லுது, கல்பாக்கத்துல ஆராய்ச்சி நடக்குது. பெட்ரோல் கம்பெனிகள் இத அமுக்கி வச்சிருக்காங்கன்னு ஏன் இருக்கக் கூடாது?

உலை வெப்பம்

கேட்க வேண்டிய கேள்விதான் தக்கலை அண்ணே. தோரியம் எரிபொருள் ஆகும், அது உண்மை. ஆனால் யுரேனியம்-235 போலத் தானாகத் தொடர்வினையில் எரியாது. தோரியம்-232 ஒரு நியூட்ரானை விழுங்கி தோரியம்-233 ஆக வேண்டும். அது 22 நிமிஷ அரை ஆயுளில் புரோட்டாக்டினியம்-233 ஆகும். அது 27 நாள் அரை ஆயுளில் யுரேனியம்-233 ஆகும். எரிவது இந்தக் கடைசிப் பொருள்தான். முதல் நியூட்ரான் எங்கிருந்து வரும்? ஏற்கெனவே எரிகிற வேறொரு உலையிலிருந்து. இந்திய அணுசக்தித் திட்டத்தைத் தொடங்கிய ஹோமி பாபா மூன்று கட்டமாகத் திட்டம் போட்டதும் இதனால்தான்: முதலில் இயற்கை யுரேனிய உலை, அதன் புளூட்டோனியத்தில் வேக ஈனுலை (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை), அதற்குப் பிறகுதான் தோரியம்.

கல்பாக்கத்தில் யாரும் எதையும் அமுக்கவில்லை. காமினி என்ற உலை 1996-ல் இயங்கத் தொடங்கியது, எரிபொருள் யுரேனியம்-233. அதில் இருப்பது ஏறத்தாழ 600 கிராம். சுற்றிலும் நியூட்ரானைத் திருப்பியனுப்ப பெரிலியம் ஆக்சைடு, மேலே தண்ணீர், வெளியே கான்கிரீட். இத்தனைக்கும் அதன் திறன் 30 கிலோவாட், அதுவும் வெப்பமாக. மூன்றில் ஒரு பங்கு மின்சாரமாகும் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 10 கிலோவாட். ஒரு சின்னக் கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக ஆகிற சக்தி சுமார் அவ்வளவுதான்.

எடையைக் குறைக்க கான்கிரீட்டை எடுத்துவிட முடியாது. யுரேனியம்-233 உண்டாகும்போது கொஞ்சம் யுரேனியம்-232-உம் சேர்ந்தே வரும். அதன் வழியில் பிறக்கும் தாலியம்-208, 2.6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரை விடும். காரின் தகரமும் கண்ணாடியும் அதைத் தடுக்காது.

வள்ளியாற்று மணல்

மண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில்தான் நம்ம ஆட்களுக்கு அதிகக் குழப்பம்.

கறுப்பு மண் தோரியம் இல்லை. அது இல்மனைட், டைட்டானியத் தாது. தோரியம் இருப்பது மோனசைட்டில். அதன் நிறம் தேன் மஞ்சள், கொஞ்சம் பழுப்பு. இளஞ்சிவப்பாக மின்னுவது கார்னெட். நிறமில்லாமல் பளபளப்பது சிர்கான். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை பரப்பி 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் நாலு நிறமும் தனித்தனியாகத் தெரியும், மஞ்சள்தான் ரொம்பக் குறைவாக இருக்கும். ஸ்பீக்கர் காந்தத்தில் ஒட்டுவது பெரும்பாலும் மேக்னடைட்டும் இல்மனைட்டும். மோனசைட்டின் காந்தத்தன்மை ரொம்ப லேசு, அதை இழுக்க மணலிலிருந்து தாதுக்களைப் பிரிக்கிற ஆலையில் இருக்கிற மாதிரி வலுவான காந்தம் வேண்டும்.

ஆலையில் பிரிப்பது இப்படி: முதலில் தண்ணீரோடு திருகு வடிவத் தொட்டிகளில் ஓடவிட்டு, எடை குறைந்த வெள்ளை மண்ணை (அடர்த்தி 2.65) ஒதுக்குவார்கள். கனமானது (இல்மனைட் 4.7, மோனசைட் 5 அளவு) ஒருபக்கம் தங்கும். காயவைத்து உயர் அழுத்த மின்புலத்தில் விட்டால் மின்சாரம் கடத்துகிற இல்மனைட்டும் ரூட்டைலும் (இன்னொரு டைட்டானியத் தாது) ஒருபக்கம், கடத்தாத மோனசைட்டும் சிர்கானும் கார்னெட்டும் மறுபக்கம். பிறகு காந்தப் பிரிப்பு. மண் சரியாகக் காயாவிட்டால் மின்பிரிப்பில் எல்லாம் கலந்தே விழும்.

இத்தனை செய்தும் கையில் இருப்பது மோனசைட்தான், தோரியம் இல்லை. மோனசைட் ஒரு பாஸ்பேட். மாவாக அரைத்து, கெட்டியான காஸ்டிக் சோடாவில் 140 டிகிரி அளவில் வேகவைத்துப் பாஸ்பேட்டை நீக்கி, அதற்குப் பிறகு அமிலத்தில் அருமண் உலோகங்களிலிருந்து தோரியத்தைப் பிரிக்க வேண்டும். நம்ம மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 9 சதவீதம் அளவு. அதனால் 8 கிராம் தோரியத்துக்கு 100 கிராம் மோனசைட் போதும். மண்ணுக்குப் பஞ்சம் என்பதால் கார் ஓடாமல் இல்லை, அதைத்தான் அந்த வீடியோ மறைக்கிறது.

இன்னொன்று. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இந்த மண்ணைத் தேடி வந்ததே விளக்கு மேண்டிலுக்காக (சுடரில் சூடாகி ஒளிரும் வலை). பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டிலின் சாம்பல் 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு, 1 சதவீதம் சீரியம் ஆக்சைடு. ஒன்றில் கால் கிராம் அளவு தோரியம். ஒரு கொடைக்கோ சப்பரத்துக்கோ 32 பெட்ரோமாக்ஸ் தூக்கினால் அந்த 8 கிராம் வந்துவிடும். வெள்ளைவெளேரென்று சூடாகிற அளவுக்கு அதை ராத்திரி முழுக்க எரித்தார்கள். மண்ணெண்ணெய் தீர்ந்ததும் விளக்கு அணைந்தது.

குளச்சல் கரை

ரொம்ப நன்றி அண்ணே, மேண்டில் விஷயம் சொன்னாலே பிள்ளைகளுக்குப் புரிஞ்சிரும். அந்த ஆப் மட்டும் எப்படி ஏறிச்சு? அது பொய்யா?

நாகர்கோவில் பிசிக்ஸ்

ஆப்பில் ரெண்டு வகை. ஒன்று போனின் காந்தமானியைப் படிக்கும். இங்கே பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா; மேக்னடைட் கலந்த மண்ணிடம் போனால் அது மாறும். வீடியோவை நிறுத்தி எண்ணுக்குப் பக்கத்தில் µT (மைக்ரோடெஸ்லா) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது கதிரே இல்லை. அதே போனை இரும்பு பீரோவிடம் கொண்டு போங்கள், இதைவிட அதிகமாக எகிறும்.

இரண்டாவது வகை கேமராவைப் பயன்படுத்தும். லென்ஸைக் கறுப்பு டேப்பால் முழுக்க மூடி, திரையில் வரும் வெள்ளைப் புள்ளிகளை எண்ணும். சென்சார் ரொம்பச் சின்னது, அதனால் மண்ணிலிருந்து வரும் அளவுக்கு எண்ணிக்கை மிகக் குறைவாகவே விழும். போன் சூடானாலும் புள்ளி வரும். நடுப்பகல் வெயிலில் மணலில் வைத்தால் வருவதில் பாதி அந்தச் சூட்டால்தான் என்று சந்தேகப்படணும். ஆனால் மணவாளக்குறிச்சி, மிடாலம் பக்கம் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. அதை அளக்க அளவுதிருத்தம் செய்த கருவி வேண்டும், ஒரே இடத்தில் சில நிமிஷம் வைத்து சராசரி எடுக்க வேண்டும்.

வள்ளியாற்று மணல்

பிள்ளைகள் ஆராய்ச்சி என்று பாட்டிலில் மண் அள்ளி வீட்டில் சேர்த்து வைக்க வேண்டாம், அதையும் சொல்லிவிடுங்கள். மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வரும் பொருள், அனுமதி இல்லாமல் பிரித்து வைக்கவோ விற்கவோ கூடாது. தோரியம் மண் தருகிறோம், முன்பணம் போடுங்கள் என்று யாராவது அந்த வீடியோவுக்குக் கீழே நம்பர் போட்டிருந்தால் நேரே சைபர் கிரைம் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

தக்கலை ஜங்ஷன்

1930 நான் குரூப்பிலயே போட்டுட்டேன். கிள்ளியூர் தாலுகாவில 1,144 ஹெக்டேர்ல மணல் எடுக்கிற திட்டம் பத்தி ஊர்க்காரங்க கேக்கிற கேள்வி எல்லாம் தண்ணி, கடல் அரிப்பு, உடம்பு பத்தினது. அதுக்கு நடுவில இந்தக் கார் வீடியோவ ஆதாரமா யாரும் கொண்டு போகாதிங்க மக்களே. எதிர்க்கிறவங்களுக்கும் சரி, ஆதரிக்கிறவங்களுக்கும் சரி, அது உதவாது.