கருதுகோள் இல்லாமல் களத்துக்குப் போகலாமா?

மதுரைக்காரி:
என் ஆய்வுக்காகத் தூய்மைப் பணியாளர் பெண்களைப் பேட்டி எடுக்கிறேன். என் கேள்விகள் முழுக்கக் கூலி பற்றியவை. அவர்களோ விடிகாலையில் போகக் கழிப்பறை இல்லாததைப் பற்றியே பேசுகிறார்கள். ஆய்வு நெறியாளர் முதலில் கருதுகோளை, அதாவது ஆய்வில் சோதிக்கப்போகும் ஊகத்தை, எழுதச் சொல்கிறார். என்ன செய்ய?

களப்பித்தன்:
அந்தப் பேச்சையே பிடித்துக்கொள்ளுங்கள். 1960களில் சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் மருத்துவமனைகளில் சாகக் கிடந்தவர்களைச் சுற்றி நடந்ததைக் கவனித்துத்தான் கோட்பாட்டைக் கட்டினார்கள். ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் குறியிடுங்கள், அதாவது அதில் வந்த ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு சிறு பெயர் வையுங்கள். அடுத்து யாரிடம் என்ன கேட்பது என்பது அதிலிருந்தே வரும்.

செல்வி அக்கா:
கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சீனாவின் யுன்னானில் கிராமப் பெண்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்தார்கள். எதைப் படமெடுப்பது என்பது அந்தப் பெண்கள் முடிவு. நீயும் செய்து பாரும்மா. ஆனால் சூப்பர்வைசர் முகம் படத்தில் விழுந்தால் அவர்கள் வேலைக்கே ஆபத்து.

மதுரைக்காரி:
சரிக்கா, அதை அவர்களிடமே கேட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன்.