அட்வான்ஸ் வாங்கிய அறுப்பு மிஷின் வரவில்லை, மழையில் நெல் சாய்ந்துவிட்டது. என்னென்ன கேட்கலாம்?

வரப்போரம்:
வலங்கைமான் பக்கம். 9 மா, அதாவது 3 ஏக்கர், சி.ஆர். 1009 ரக நெல். தை 8ஆம் தேதி அறுக்க, சேற்றில் ஓடும் பெல்ட் வைத்த அறுப்பு மிஷின்காரரிடம் மணிக்கு 2,400 ரூபாய் என்று பேசி முடித்து, 3,000 அட்வான்ஸ் கொடுத்தேன். பத்திரமெல்லாம் எழுதவில்லை. பணம் ஜிபேயில் போனது. "எட்டாம் தேதி காலையில வண்டி இறங்கிடும்ணே" என்று அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது.

அன்று போனையே எடுக்கவில்லை. மதியம் பார்த்தால் அதே வண்டி பக்கத்து ஊரில் கூடுதல் வாடகைக்கு ஓடுகிறது. 11ஆம் தேதி ராத்திரி மழை. கதிர் தண்ணீரில் படுத்துவிட்டது. அப்புறம் மணிக்கு 3,000 கொடுத்து வேறு வண்டி பிடித்தேன். மூன்று மணி நேர வேலை ஐந்து மணி நேரம் இழுத்தது. அடியில் கிடந்த கதிரைக் கையில் எடுத்தால் வெள்ளை வெள்ளையாக முளை. "மழைக்கு நான் பொறுப்பா?" என்கிறார்.

கீழத்தெரு:
ஸ்டேஷனில் சீட்டிங் புகார் கொடுங்கள். தானாக வருவார்.

கோர்ட்டு வாசல்:
அது எடுபடாது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடி. இது சிவில் விஷயம். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான்; 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவில் நஷ்டஈடு கேட்கலாம். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: 9, 10 இரண்டு நாளும் என்ன செய்தீர்கள்?

வரப்போரம்:
நான்கு வண்டிக்காரர்களுக்குப் போன் போட்டேன் சார். எல்லோரும் ஒரு வாரம் கழித்துத்தான் என்றார்கள். ஏன் கேட்கிறீர்கள்?

கோர்ட்டு வாசல்:
எதிராளி முதலில் பிடிக்கப்போவது அங்கேதான். நஷ்டத்தைக் குறைக்க உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா என்று அதே பிரிவு பார்க்கும். சும்மா இருந்திருந்தால் முளைத்த நெல்லுக்குக் கேட்க வாய் இருக்காது. அந்த கால் ஹிஸ்டரியை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். வாய்ஸ் மெசேஜ் இருக்கும் போனையும் மாற்றாதீர்கள். கோர்ட்டில் கொடுக்க 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்று வேண்டியிருக்கும்.

கணக்கு இப்படி: அட்வான்ஸ் 3,000. வாடகை வித்தியாசம் மூன்று மணிக்கு 1,800. இரண்டிலும் சண்டைக்கே இடமில்லை. கூடுதல் இரண்டு மணி நேரத்துக்கு 6,000, ஆக 10,800. மழை அவர் கையில் இல்லைதான், ஆனால் அவர் வராமல் போன மூன்றாம் நாள்தானே பெய்தது? முற்றிய கதிர் நிற்கிறது என்று தெரிந்தே வண்டியைத் திருப்பியவர். வாதாடலாம். முளைத்த நெல்லுக்குத் தனி ஆதாரம் வேண்டும்.

திருமலைராஜன்கரை:
எனக்கு டிராக்டர் விஷயத்தில் இப்படி ஆனது. தொகை, தேதி, 15 நாள் கெடு போட்டு வக்கீல் நோட்டீஸ், ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில். அதற்கே பாதி இறங்கி வந்தார். மீதிக்கு தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுத்தேன். கேஸ் போடும் முன்பே லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், பேசித் தீர்க்கலாம், கட்டணமில்லை. அங்கே முடிவானால் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். சட்ட உதவி எண் 15100க்கு அடித்தால் விவரம் சொல்வார்கள்.

கீழத்தெரு:
அடுத்த போகத்துக்கும் அதே வண்டிக்காரனிடம்தானே போய் நிற்கவேண்டும் அண்ணே? அதையும் யோசிங்க.

வரப்போரம்:
அந்தப் பயம்தான் தம்பி இத்தனை நாள் வாயை மூட வைத்தது. நீங்கள் எல்லோரும் சொன்ன பிறகு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். அது போன ஐந்தாம் நாள் வண்டிக்காரருக்காகப் பேச புரோக்கர் வீட்டுக்கே வந்துவிட்டார். வண்டிக்காரர் 4,800 தருகிறாராம், "இனி பாக்கி ஏதும் இல்லை" என்று எழுதித் தரவேண்டுமாம்.

கோர்ட்டு வாசல்:
அந்த வரியில் கையெழுத்துப் போட்டால் மீதி போச்சு. "இதுவரை பெற்றது" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் மனு. கேஸ் போட மூன்று வருடம் கெடு இருக்கிறது, அவசரமில்லை. முளைத்த நெல்லை வைத்திருக்கிறீர்களா?

வரப்போரம்:
தேதி போட்டுப் படம் எடுத்து ஒரு சாக்கு தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். கோழி இரண்டு தடவை கொத்திப் பார்த்துவிட்டது. திங்கட்கிழமையே மனுவோடு போகிறேன்.