பிக்கப் வண்டியில் வீல் ஸ்டட் முறிவது: உறுப்பினர்களின் அனுபவங்கள்

ஒட்டன்சத்திரம் உறுப்பினர்:

சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குச் செல்லும் எங்கள் பிக்கப்பின் பின்புற இடச் சக்கரத்தில், வேகம் குறையும்போது மட்டும் 'டொக் டொக்' என்று சத்தம் வருவதாக ஓட்டுநர் அலைபேசியில் தெரிவித்தார். மேற்கொண்டு ஓட்டாமல் ஓரங்கட்டிப் பார்க்கச் சொன்னேன். சக்கரத்தை நட்டு கொண்டு பொருத்த உதவும் மரையிட்ட உலோகத் தண்டுகளான ஸ்டட்களில் இரண்டு முறிந்திருந்தன. எஞ்சியவற்றுள் ஒரு நட்டு கையாலேயே சுழன்றது. ரிம்மின் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. சில நாட்களுக்கு முன்புதான் அந்தச் சக்கரத்தை ஒரு பஞ்சர் கடையில் கழற்றி மாட்டியிருந்தார்கள்.

லோடு அதிகமானதால்தான் முறிந்தது என்று பலரும் சொன்னார்கள். ஸ்டட்டின் முறிந்த முகம் வேறொன்றைக் காட்டியது. அதன் பெரும்பகுதி வழவழப்பாக, வளைவு வளைவான கோடுகளோடு, துருப்பிடித்துக் கருத்திருந்தது. ஓர் ஓரம் மட்டும் சொரசொரப்பாகப் புது உலோக நிறத்தில் இருந்தது. ஒரே அதிர்ச்சியில் முறிந்திருந்தால் முகம் முழுவதும் புதிதாகத் தெரிந்திருக்கும். ஆகவே, விரிசல் முன்பே தோன்றி, வண்டி ஓட ஓட வளர்ந்து, கடைசியில் மிஞ்சிய சிறு பகுதி தாங்காமல் அறுந்திருக்கிறது.

வண்டியின் எடை ஸ்டட்டின் மீது நேரடியாக உட்காருவதில்லை என்பதை நம் ஓட்டுநர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிதளவு நீண்டு, ரிம்மை ஹப்பின் (சக்கரம் பொருத்தப்படும் நடுப்பகுதி) முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்தப் பிடியால் உண்டாகும் உராய்வே எடையையும் பிரேக்கின் விசையையும் பெரும்பாலும் தாங்குகிறது. பிடி தளர்ந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ரிம் இம்மியளவு நகர்ந்து ஸ்டட்டை மாற்றி மாற்றி வளைக்கும். எவ்வளவு தடித்த ஸ்டட்டும் அதை நெடுநாள் பொறுக்காது.

திண்டுக்கல் பட்டறை உறுப்பினர்:

அண்ணன் சொல்வது முற்றிலும் சரி. இத்தகைய வண்டிகள் வரும்போது, முறிந்த ஸ்டட்டை மட்டும் மாற்றித் தரும்படி உரிமையாளர்கள் கேட்பார்கள்; நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒன்று முறிந்திருந்தால் அதன் இருபக்கத்து ஸ்டட்களையும், ஒன்றுக்கு மேல் முறிந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் எல்லா ஸ்டட்களையும் நட்டுகளையும் மாற்றிவிடுவேன். ஏனெனில் முறிந்ததன் பங்கையும் சேர்த்துச் சுமந்த ஸ்டட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும். துளை நீண்ட ரிம்மைத் தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும். வாஷர் வைத்துச் சமாளிப்பது ஆபத்தானது.

பழைய ஸ்டட்டைச் சம்மட்டியால் ஓங்கி அடித்து வெளியேற்றுவது பல இடங்களில் வழக்கம். ஹப் வண்டியிலேயே இருக்கும்போது அப்படி அடித்தால், அந்த அடி பேரிங்கில் இறங்கி அதன் ஓடுபாதையில் குழி விழச் செய்யும். பிரேக் டிரம்மையும் தேவையானால் ஹப்பையும் கழற்றி, பிரஸ்ஸில் (அழுத்தும் இயந்திரம்) வைத்துத் தள்ளுவதே நல்லது. புதிய ஸ்டட்டின் கழுத்திலுள்ள வரிப்பற்கள் துளையின் பழைய தடங்களில் பொருந்த வேண்டும்; தலை ஹப்பின் பின்புறத்தில் இடைவெளியின்றி அமர வேண்டும். துளை தளர்ந்து ஸ்டட் சுழன்றால் சிலர் வெல்டிங் வைக்கிறார்கள். அந்தச் சூடு ஸ்டட்டின் உறுதியைக் கெடுத்துவிடும் என்பதால், அங்கே ஹப்பைத்தான் மாற்ற வேண்டும்.

ஸ்டட் வாங்கும்போது விட்டத்தோடு மரையின் இடைவெளியையும் பாருங்கள். 12 மி.மீ. ஸ்டட்டில் 1.25 மி.மீ., 1.5 மி.மீ. இடைவெளி என இரு வகை மரைகள் உண்டு; மாறிப்போன நட்டு சில சுற்று ஏறிவிட்டுப் பிறகு சிக்கி, மரையைச் சிதைக்கும்.

ஏற்காடு உறுப்பினர்:

எங்கள் தோட்டத்திலிருந்த பழைய ஜீப் வகை பிக்கப்பில், டயர் மாற்ற வந்தவர் வீல் ஸ்பேனரில் நீண்ட குழாயைச் செருகி முழு பலத்துடன் அழுத்தியதில் இடப்பக்க ஸ்டட் ஒன்று அறுந்தது. பழைய வில்லிஸ் வகை ஜீப்களில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு எதிர்மரை (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகும் மரை) ஸ்டட்கள் இருக்கும். கழற்றுவதாக நினைத்து அவர் இறுக்கிக்கொண்டிருந்தார். இன்னும் அத்தகைய வண்டியை வைத்திருப்பவர்கள் இதைச் சக்கரத்தின் அருகிலேயே எழுதி வைக்கலாம்.

ஓசூர் உறுப்பினர்:

காற்றழுத்தத்தால் நட்டை இறுக்கும் ஏர் கன்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் அதை நட்டின் மீது வைத்து, சத்தம் மாறும்வரை பிடித்துக்கொண்டிருப்பார்கள். அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட ஸ்டட் இழுபட்ட நிலையிலேயே தங்கிவிடும்; அதன்பின் அதற்குப் பிடி இருக்காது. பழைய நட்டைக் கையால் திருகிப் பார்த்து, பாதியில் இறுகினால் மரை நீண்டிருக்கிறது என்று சந்தேகித்து அந்த ஸ்டட்டை மாற்றிவிடலாம்.

என் வண்டியில் எல்லா நட்டுகளையும் முதலில் கையால் ஏற்றி, எதிரெதிராக இறுக்கி, சக்கரம் தரையில் அமர்ந்தபின் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடிக்கச் சொல்கிறேன். 12 மி.மீ. ஸ்டட்களுக்குப் பெரும்பாலும் 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை குறிப்பிடப்படும். ஆயினும் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். அந்த அளவு உலர்ந்த மரைக்கு உரியதாதலால், கிரீஸ் தடவிவிட்டு அதே அளவுக்கு இறுக்கினால் ஸ்டட் கூடுதலாக இழுபடும்.

ரிம்முக்குப் புதிதாகப் பெயின்ட் அடிப்பவர்கள், ஹப்பின் முகத்தோடு பொருந்தும் பகுதியிலும் நட்டு அமரும் குழிவிலும் பெயின்ட் படியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்குள்ள பெயின்ட், துரு, சேறு ஆகியவை ஓட்டத்தில் நசுங்கும்போது நட்டு சுழலாமலேயே பிடி குறைந்துவிடும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி, நட்டுகளை அதே அளவுக்கு மீண்டும் இறுக்கிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.