டாம்பொனேடு: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

காரைக்குடி, மொழிபெயர்ப்பவர்:
அன்புடையீர், வணக்கம். கண்ணின் பின்சுவரிலிருந்து விழித்திரை பிரிந்துவிடும் சிக்கலான விழித்திரை விலகலுக்கு அறுவை செய்துகொள்பவர்களுக்கான கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. கண்ணுக்குள் வாயுவோ சிலிக்கோன் எண்ணெயோ நிரப்புவதை மருத்துவர்கள் டாம்பொனேடு என்கிறார்கள். 'முட்டுக் கொடுத்தல்' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

காரைக்குடி, கண் மருத்துவர்:
பாதிதான் சரி. விலகிய திரையின்மேல் தழும்புச் சவ்வு படர்ந்து சுருங்குவதுதான் சிக்கல். விழிக்குள் இருக்கும் கூழை வெட்டி உறிஞ்சுகிறோம். 1970களின் தொடக்கத்தில் கண் மருத்துவர் மாக்கெமர் காட்டிய வழி. சவ்வை நுண்ணிடுக்கியால் உரித்து, கனமான நீர்மத்தை விட்டுத் திரையைப் படியவைத்து, திரையில் உள்ள கிழிசலைச் சுற்றி லேசரால் சுடுகிறோம். சுட்ட இடம் தழும்பாகிப் பிடிக்க ஏறத்தாழ இரண்டு வாரம். அதுவரை கிழிசல் வழியே நீர் திரைக்குப் பின்னால் புகாதபடி வாயு அதன் வாயை மூடி நிற்கிறது. திரையை அழுத்துவது கொஞ்சம்தான். வாயுவும் நீரும் சந்திக்கும் பரப்பின் இழுவிசைக்குத்தான் பெரும்பங்கு.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
நீரை நிறுத்துவதா? சலத்தம்பனம் என்று சித்தர்கள் சொல்லிவைத்ததாயிற்றே! தம்பனம், தம்பம், டாம்பொன்: ஒலியைப் பாருங்கள். நம்மிடமிருந்து போன சொல் வீடு திரும்பியிருக்கிறது.

கோட்டையூர்:
ஐயா, டாம்பொன் பிரெஞ்சுச் சொல். அதற்குத் தக்கை, அடைப்பான் என்று பொருள். தம்பமோ வடமொழி ஸ்தம்பம். 'ரசம்' கூடாது, 'சாறு' என்றுதான் எழுத வேண்டும் என்று போன மாதம் சண்டை பிடித்தவர் நீங்கள். 'அடைப்பு' இருக்கும்போது எதற்கு இத்தனை சுற்று?

தேவகோட்டை:
வடவெழுத்து ஒரீஇ, அதாவது வடவெழுத்தை விட்டு, வந்தால் தொல்காப்பியருக்கே ஆட்சேபம் இல்லை, தம்பி.

மொழிபெயர்ப்பவர்:
அடைப்பு ஆகாது. மாதிரிப் படியைப் படித்துக் காட்டியபோது ஓர் ஆச்சி, "கண்ணிலும் அடைப்பா?" என்று நெஞ்சில் கை வைத்துவிட்டார். அவருக்கு மாரடைப்புதான் தெரியும். 'அணை' எப்படி? நீரையும் தடுக்கும், அணைத்தும் பிடிக்கும்.

தேவகோட்டை:
விளக்கும் அணையும். கண் நோயாளியிடம் போய் அந்தச் சொல்லைச் சொல்வீர்களா?

கோட்டையூர்:
வைகை உடைப்பை அடைக்கச் சிவபெருமானே பிட்டுக்கு மண் சுமந்தார். கண்மாய்க் கரை உடைந்தால் அடைக்கத்தான் ஓடுகிறோம். ஊரில் யாரும் பயப்படாத சொல். கண்மாயில்கூடக் கண் இருக்கிறது.

தேவகோட்டை:
கண்வாய்தான் கண்மாய் ஆயிற்று. அந்தக் கண் மடைத்துளை. பேச்சில் வரும் கம்மாய் அதன் திரிபு. இதுபற்றி விரிவாக ஒரு மடல் எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பவர்:
எழுதுங்கள் ஐயா, வெள்ளிக்குப் பிறகு. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 'தாங்கல்' பக்கம்தான் கூட்டம் சாய்கிறது. வாயுத் தாங்கல், எண்ணெய்த் தாங்கல்.

கோட்டையூர்:
தாங்கல் என்றால் வடக்கே ஏரி. வேடந்தாங்கலை மறந்துவிட்டீர்களா?

கண் மருத்துவர்:
எந்தச் சொல்லானாலும் எனக்குச் சம்மதம். வாயுவையும் எண்ணெயையும் ஒரே பத்தியில் போட்டுக் குழப்பாதீர்கள். வாயு தானே கரையும். சில வகை இரண்டு மாதம்வரை நிற்கும். எண்ணெயைப் பெரும்பாலும் இன்னோர் அறுவை செய்து எடுக்க வேண்டும். கண்ணில் வாயு இருக்கும்போது விமானம் ஏறினால் அது விரிந்து, கண்ணழுத்தம் கூடி, பார்வையே போகலாம். கொடைக்கானல் ஏறுவதும் ஆபத்து. மலேசியாவுக்குப் போய்வரும் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

மொழிபெயர்ப்பவர்:
போட்டுவிட்டேன். அச்சுக்குத் 'தாங்கல்' போகிறது.

கோட்டையூர்:
போகட்டும். என் சொற்பட்டியலில் 'அடைப்பு' என்றே இருக்கும்.