புயல் மழையின்போது மாடிக்கு வரும் பறவைகளுக்கு எப்படி உணவு வைப்பது?

கேள்வி (மடிப்பாக்கம்):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் மொட்டை மாடியில் காலைதோறும் காகங்களுக்குச் சோறும் சிட்டுக்குருவிகளுக்கு நொய்யரிசியும் வைத்து வருகிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய நாட்களில் வைத்ததெல்லாம் மழையில் கரைந்து ஓடிவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு மைனா நனைந்து ஒடுங்கி நின்றதை என் மகள் இன்னும் மறக்கவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதால், இம்முறையாவது எதை, எங்கே, எவ்வளவு வைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி (மயிலாப்பூர்):
இடம்தான் முதலில் முக்கியம். காற்று அடிக்காத பக்கத்துச் சன்ஷேடுக்குக் கீழோ, மாடிப்படி முகப்பின் ஓரத்திலோ, பூனை எட்டாத உயரத்தில் ஓர் அகலமான மண் தட்டை வையுங்கள். பறவையின் இறகில் எண்ணெய்ப் பூச்சு இருப்பதால் சாதாரண மழையை அது தாங்கிக்கொள்ளும். ஆனால் பலத்த காற்றோடு மழை விடாமல் பெய்யும்போது உடல் சூட்டைக் காக்கவே அதன் வலிமை செலவாகிவிடுகிறது, பூச்சிகளும் வெளியே வராததால் மைனாவுக்கும் கரிச்சானுக்கும் இரை கிடைப்பதில்லை. ஆகவே மழை சற்று விடும் இடைவெளிகளில், ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி மட்டும் வையுங்கள். கம்பு, தினை, நொய்யரிசி ஆகியவை குருவிகளுக்கும், உப்பில்லாத வேர்க்கடலை கிளிகளுக்கும், பழுத்த கொய்யா அல்லது வாழைத்துண்டு கொண்டைக்குருவிக்கும் மைனாவுக்கும் ஏற்றவை. நனைந்த தானியத்தில் பூஞ்சை பிடித்துவிடும். மீந்ததை அன்றே அகற்றிவிடுங்கள். மிக்சர், பால், ஊறுகாய் கலந்த சோறு ஆகியவற்றைத் தயவுசெய்து வைக்க வேண்டாம். தேன்சிட்டு இவற்றில் எதையும் தொடாது. அதற்கு ஒரு செம்பருத்திச் செடியை வளர்ப்பதே நல்லது.

மறுமொழி (வேளச்சேரி):
தெருவில் தேங்கும் வெள்ளத்தில் சாக்கடை கலந்துவிடுவதால், நல்ல தண்ணீரும் வைப்பது அவசியம் என்று கருதுகிறேன். கிண்ணத்தை நாள்தோறும் தேய்த்துக் கழுவுங்கள், இல்லையேல் டெங்குக் கொசு அதில் முட்டையிடும். நனைந்து பறக்க முடியாத பறவையைக் கண்டால், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் உலர்ந்த துணி விரித்து, இருட்டான அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இறகு உலர்ந்து அது தானாக நிற்கத் தொடங்கியதும் மாடியிலேயே விட்டுவிடலாம். காயம் இருந்தால் புளூ கிராஸ் அமைப்பினரிடம் ஒப்படைப்பதே முறை.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் தட்டு இதுவரை திறந்தவெளியில் கைப்பிடிச் சுவர்மேல் இருந்தது; இன்று மாலையே படிக்கட்டு முகப்பின் சன்ஷேடுக்கு அடியில் மாற்றிவிடுகிறேன்.