ஆஷின் கோட்டுச் சோதனை மனிதரை ஆட்டுமந்தை என்றா காட்டுகிறது?

கேள்வி (தொலைநிலை மாணவி):
சாலமன் ஆஷ் 1950களில் அமெரிக்காவில் நடத்திய கோட்டுச் சோதனை எங்கள் முதுகலை உளவியல் பாடத்தில் வருகிறது. ஓர் அட்டையிலுள்ள கோட்டுக்குச் சமமான கோட்டை, இன்னோர் அட்டையிலுள்ள மூன்றிலிருந்து சொல்ல வேண்டும். உடன் அமர்ந்திருக்கும் மற்ற அனைவரும் ஆய்வாளரின் ஆட்கள். அவர்கள் முன்கூட்டியே பேசிவைத்து ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். தன் கண்ணைவிடக் குழுவையே மனிதர் நம்புவதாக எங்கள் பாடக்குறிப்பு முடிவு கட்டுகிறது. சோதனையின் எண்கள் அதற்கு இடம் தருகின்றனவா?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியர்):
இடம் தரவில்லை என்பதே என் கருத்து. 18 சுற்றுகளில் 12இல் மட்டுமே குழு தவறான விடையைச் சொன்னது. அந்த 12 சுற்றுகளிலும் கிடைத்த விடைகளை மொத்தமாக எண்ணினால், ஏறத்தாழ 37 விழுக்காடுதான் குழுவோடு ஒத்துப்போனவை; எஞ்சியவை, அதாவது பெரும்பான்மை, சரியானவை. பங்கேற்றவர்களில் ஏறக்குறைய கால்பங்கினர் ஒருமுறைகூட விட்டுக்கொடுக்கவில்லை. மனிதரின் சுயாதீனத்தையும் ஆஷ் அக்கறையோடு ஆராய்ந்தார். பாடநூல்கள் அதை விட்டுவிட்டு அடிபணிதலை மட்டும் பெரிதுபடுத்துகின்றன என்ற விமர்சனம் 1990இலேயே ஆய்விதழில் வந்துவிட்டது.

பதில் (ஆய்வு உதவியாளர்):
ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் மறுபக்கத்தையும் குறைத்து எடைபோடக் கூடாது. தனியே விடையெழுதியவர்களிடம் பிழை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த அவ்வளவு எளிய கேள்வியில், நால்வரில் மூவர் ஒருமுறையேனும் தவறினார்கள் என்பது சிறிய செய்தியன்று.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது ஆஷ் சூழலை மாற்றிப் பார்த்த சோதனைகள்தாம். ஒருவர் மட்டும் எதிர்த்துச் சொன்னபோது பங்கேற்பாளர் பெரும்பாலும் அசையவில்லை. இருவர் என்றபோது பிழை 13.6 விழுக்காடாகவும், மூவர் என்றபோது 31.8 ஆகவும் உயர்ந்தது. அதற்கு மேல் ஆளைக் கூட்டியும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் குழுவில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் பிழை கால்பங்காகச் சுருங்கியது. மாறுபட்டுப் பேசியவர் மற்றவர்களைவிட மோசமான தவறைச் சொன்னபோதுகூடப் பிழை வெகுவாகக் குறைந்தது. ஆக, அழுத்தம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ஒருமித்த குரலில் இருக்கிறது.

தொலைநிலை மாணவி:
இருவருக்கும் நன்றி. எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் கைதூக்கச் சொன்னபோது அனைவரும் ஆதரித்த ஒரு தீர்மானத்தை, படியிறங்கும்போது பாதிப்பேர் குறை சொன்னார்கள். (நானும் கை தூக்கியவள்தான்.) உண்மையாகவே மனம் மாறுவதற்கும் வாய்ப்பேச்சில் ஒத்துப்போவதற்கும் என்ன வேறுபாடு?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியர்):
அந்த வேறுபாட்டை மோர்டன் டாய்ச்சும் ஹெரால்ட் ஜெரார்டும் 1955இல் வகுத்துக் காட்டினார்கள். பிறர் அறிந்திருப்பார்கள் என்று கருதி அவர்கள் சொல்வதை ஏற்பது தகவல்சார் செல்வாக்கு. ஒதுக்கப்படுவோமோ, நகைக்கப்படுவோமோ என்ற கூச்சத்தில் ஒத்துப்போவது நெறிசார் செல்வாக்கு. முன்னதற்கு முசாபர் ஷெரிஃப் 1935இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. இருட்டறையில் நிலையாக இருக்கும் ஒளிப்புள்ளி நகர்வதுபோல் கண்ணுக்குத் தோன்றும். எவ்வளவு நகர்ந்தது என்பதற்குச் சரியான விடையே இல்லாததால் குழுவினரின் மதிப்பீடுகள் மெல்ல ஒன்றை நெருங்கின, பின்னர் தனியே கேட்டபோதும் அவர்கள் அதையே சொன்னார்கள். ஆஷின் சோதனையிலோ விடை கண்முன்னே இருந்தது; பங்கேற்பாளர் வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதலாம் என்றதும் ஒத்துப்போதல் நன்றாகக் குறைந்துவிட்டது.

தங்கள் சங்கத்தார் படியில் இறங்கும்போது குறை சொன்னதை வைத்துப் பார்த்தால் அது நெறிசார் வகை. அடுத்த முறை கைதூக்கச் சொல்வதற்கு முன் சீட்டில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.