மலையடிவாரம் ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி இருந்தா அங்க ஃபால்ட் (நிலத்தடிப் பாறை உடைஞ்சு நகர்ற பிளவு) இருக்குன்னு அர்த்தமா?

வரைபடப்பிரியன்:
கொஞ்ச நாளா சாட்டிலைட் மேப்புல மலைகளையே பார்த்துட்டு இருக்கேன். நியூசிலாந்து தெற்குத் தீவுல மேற்குப் பக்கம் மலை முடியிற இடம் நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு நேர்கோடா ஓடுது, அது ஆல்பைன் ஃபால்ட், கடைசியா பெருசா ஆடினது 1717லன்னு படிச்சேன். அப்போ எந்த மலையில இப்படி கோடு தெரிஞ்சாலும் நிலநடுக்கம் வரும்னு எடுத்துக்கலாமா?

கல்வெட்டான்:
கோடு மட்டும் பத்தாதுங்க. எப்பவோ அடங்கிப்போன ஃபால்ட்ல கூட ஒரு பக்கம் கெட்டிப் பாறை, மறுபக்கம் மெதுப் பாறைன்னா மழைத்தண்ணி மெதுப்பாறைய அரிச்சுட்டு சுவர் மாதிரி ஒண்ண விட்டுட்டு போயிடும். பாறைய விட்டுட்டு அடிவாரத்து மண்ண பாருங்க, ஆறு கொண்டுவந்து விசிறி மாதிரி பரப்பின வண்டல் சில ஆயிரம் வருஷத்துதான், அதையே குறுக்கால வெட்டிட்டு படிக்கட்டு மாதிரி மேடு ஓடினா ஃபால்ட் இன்னும் உயிரோட இருக்கு. அமெரிக்காவுல யூட்டா மாநிலத்து வாசாட்ச் மலையடில அந்த மேடுகள பார்த்த நிலவியலாளர் கில்பர்ட், சால்ட் லேக் சிட்டி பக்கத்துல மட்டும் அது இல்லையே, அப்போ அங்கதான் அழுத்தம் சேர்ந்துட்டு இருக்குன்னு 1883லயே செய்தித்தாள்ல எழுதினார்! இல்லாத மேட்ட வச்சு ஆபத்த சொன்ன அந்த யோசனை எனக்கு இன்னமும் பிரமிப்பா இருக்கு.

ஆத்தோரம்:
ஓடைகளையும் பாருங்க. கலிபோர்னியாவுல வாலஸ் க்ரீக் சான் ஆண்ட்ரியாஸ் ஃபால்ட்ட தொட்டதும் டக்குனு திரும்பி சுமார் 130 மீட்டர் ஃபால்ட் ஓரமாவே ஓடி அப்புறம்தான் தன் வழிக்கு வருது. ஃபால்ட்டோட ரெண்டு பக்கமும் எதிரெதிரா நகர்ந்து ஓடைய இழுத்துட்டுப் போனதுதான் காரணம். அந்த வாய்க்கால் சுமார் 3,700 வருஷம் பழசு, வகுத்துப் பாருங்க, வருஷத்துக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல நகர்வு வரும்.

வரைபடப்பிரியன்:
ரொம்ப நன்றி. ஆனா இப்பதான் ஜிபிஎஸ் இருக்கே, நகர்வ அதுலயே அளந்துடலாமே?

கல்வெட்டான்:
அதுலதான் ஏமாந்துடுவோம். சீனாவுல லாங்மென்ஷான் மலை சிச்சுவான் சமவெளிலேர்ந்து 50 கிலோமீட்டருக்குள்ள 4,000 மீட்டருக்கு மேல ஏறுது, ஜிபிஎஸ்லயோ வருஷத்துக்கு சில மில்லிமீட்டர் நகர்வுதான். ஆனா 2008 மே 12ல அங்க வந்த நிலநடுக்கத்தோட அளவு கிட்டத்தட்ட 8, இறந்தவங்க 69,000 பேருக்கு மேல. ஜிபிஎஸ்க்கு தெரியிறது இருபது முப்பது வருஷம், அந்தச் செங்குத்து உருவாக லட்சக்கணக்கான வருஷம் ஆயிருக்கு. அதனால மலை செங்குத்தா இருந்து நகர்வு கம்மின்னா நிம்மதி ஆகாதீங்க, குழி வெட்டி மண் அடுக்கு எங்கெங்க உடைஞ்சிருக்கு, அதுல சிக்கின கரித்துண்டு எத்தன வருஷத்துதுன்னு பார்க்கிற வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது.